கஞ்சியில் மருந்து

நம் வகுப்புக் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு பெரிய கும்பிடு. போன மாதம் எலும்பும் தோலுமாக நான் போட்ட என் படத்தைப் பார்த்ததிலிருந்து ஆளுக்கொரு வைத்தியம் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். ஒருத்தி வெந்தயத்தை முளைகட்டித் தின்னச் சொல்கிறாள். ஒருத்தி வாழைத்தண்டு. இன்னொருத்தி, கணக்கு வகுப்பில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து தூங்கியவள், கொள்ளுப்பயறையும் கேப்பையையும் விட்டால் குடலுக்கு வேறு கதியே இல்லை என்று நாலு நிமிடத்துக்குக் குரல் பதிவு போட்டிருக்கிறாள். அடி ஆத்தி, உங்கள் அன்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தயவுசெய்து நிறுத்துங்கள். ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போகலாம்.

எனக்கு வந்திருப்பது குரோன்ஸ் என்கிற குடல் நோய். உடம்பே தன் குடலைப் பகையாளியாக நினைத்துப் புண்ணாக்கிக்கொள்ளுமாம். புண் ஆறிய இடம் சில பேருக்குச் சுருங்கிப்போகுமாம். எனக்கு முதலில் குடலில் டி.பி. என்று சில மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், டாக்டர்களுக்கே பிரித்துச் சொல்வது சிரமம் என்றார்கள். அப்புறம் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, இதுதான் என்று முடிவுக்கு வந்தார்கள். "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்பிடி வயித்துக் கோளாறு இருந்திருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். யோசிக்கவே இல்லை, வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது.

அங்கிருந்து உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். என் மகளைவிடச் சின்னப் பெண். நல்ல பொறுமைசாலி. மேசையில் ஒரு பவுடர் டப்பாவை வைத்து, "கொஞ்ச வாரத்துக்கு இதக் கரைச்சுக் குடிக்கிறதுதாம்மா உங்களுக்கு எல்லாம். அப்புறம் ஒவ்வொண்ணாச் சேத்துப் பாப்போம். எது ஒத்துக்குது, எது ஒத்துக்கலேன்னு எழுதி வைங்க. ஆளுக்கு ஆள் மாறும், அடுத்தவங்க சொல்றதக் கேக்காதீங்க" என்றாள். எனக்குக் குடல் ஓரிடத்தில் சுருங்கியிருப்பதால் கீரைத்தண்டு, பழத்தோல், விதை, முழுப்பயறு எதுவும் இப்போதைக்கு ஆகாதாம். கஞ்சி குடித்தாலும் வடிகட்டிக் குடிக்க வேண்டுமாம். பிறகு டப்பாவைத் தட்டிக் காட்டி, "இதச் சாப்பாடுன்னு நெனைக்காதீங்கம்மா, மருந்துன்னு நெனச்சுக் குடிச்சிருங்க" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அந்தப் பெண் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுகாதீங்கம்மா, சீக்கிரமே இட்லி சாப்பிடலாம்" என்றாள். பாவம், இட்லிக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

உங்களில் சிலருக்கு என் அக்காவை நினைவிருக்கும். நமக்கு ஐந்து வகுப்பு மேலே படித்தாள். காலைப் பிரார்த்தனையில் அடிக்கடி மயங்கி விழுவாள், சிஸ்டர் வந்து தண்ணீர் தெளிப்பார். அவள் டைபாய்டில் செத்துப்போனாள் என்று அப்போது உங்களிடம் சொன்னேன். வீட்டில் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள்.

இப்போது நான் அந்தப் பவுடரைக் கரைத்துக் குடிக்கும்போதெல்லாம் கட்டிலின் கால்மாட்டில் யாரோ வந்து உட்காருகிறார்கள். இருட்டில் இல்லை, பட்டப்பகலில், மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு. மெத்தை அழுந்துவது தெரிகிறது. பேய் பிசாசு என்று பேசினால் சிரிக்கிற ஆள் நான், உங்களுக்கே தெரியும். ஆனாலும் யார் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் பதினாலு வயசுதான். டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்கும் கொடு என்று மட்டும் கேட்க மாட்டேன் என்கிறாள்.

செல்லூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே அப்பாவின் இரண்டு தறி ஓடும். மேலே நாங்கள். பகல் முழுக்க அந்தச் சத்தத்தில் தரையே அதிரும். வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். அந்நியர் யாராவது வந்தால் சண்டை நடக்கிறது என்று நினைப்பார்கள். ரகசியம் பேச வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும்.

எனக்கு ஒன்பது வயசு நடந்த வருஷம், கோடை விடுமுறையில் அக்கா படுத்த படுக்கையாகிவிட்டாள். அதற்கு முன்பே இரண்டு வருஷமாக அவளுக்கு ஒன்றும் சரியில்லை. சாப்பிட்டால் தொப்புளுக்குக் கீழே முறுக்கிக்கொண்டு வலிக்கும். வாயெல்லாம் புண். முழங்கால் வீங்கும். சாயங்காலமானால் உடம்பு சுடும். பதினாலு வயசாகியும் வயசுக்கு வரவில்லை என்பது அம்மாவுக்குப் பெரிய கவலை. ஒன்பது வயசில் நான் அவள் தோளைத் தாண்டிவிட்டேன். அவளுடைய பச்சைப் பாவாடை அவளுக்கு இடுப்பில் நிற்கவில்லை என்று எனக்குக் கொடுத்தார்கள், எனக்கு அது சரியாக இருந்தது.

வந்தவர் போனவர் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "சத்தாக் குடு." பக்கத்து வீட்டுக்காரம்மா, தறிக்கு வருகிறவர், மிஷன் பள்ளிக்கூட டீச்சர், யாராக இருந்தாலும் அதேதான். அம்மா முருங்கைக்கீரை வதக்கினாள். கொண்டைக்கடலையை ஊறவைத்துப் பச்சையாகவே தின்னச் சொன்னாள். கொய்யாப்பழத்தை விதையோடு மெல்லச் சொன்னாள். கேப்பைக் களி, கம்பங்கூழ், முளைகட்டின பயறு. அக்கா வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அம்மா ஒரு கையால் அவள் மூக்கைப் பிடித்து, மூச்சுக்கு வாய் திறக்கிற நேரத்தில் கவளத்தைத் திணிப்பாள். திணித்துக்கொண்டே அம்மாவும் அழுவாள்.

அம்மாவை யாரும் திட்ட வேண்டாம். இந்தக் குழுவில் பாதிப் பேர் இன்றைக்கு எனக்குச் செய்வதைத்தான் அன்றைக்கு அவளும் செய்தாள்.

அம்மா கீழே நூல் சுற்றப் போன நேரத்தில் அக்கா தன் தட்டை என் பக்கம் நகர்த்துவாள். "தின்னுருடி, அம்மா வாரதுக்குள்ள." நான் தின்றுவிடுவேன். கீரை, கடலை, முட்டை, ஆட்டு ஈரல் எல்லாம். நல்ல ருசியாகத்தான் இருக்கும். அவள் பங்கையும் சேர்த்துத் தின்றுதான் நான் இவ்வளவு உயரம் வளர்ந்தேன். அப்போது அது எனக்கு விளையாட்டு மாதிரி இருந்தது.

அக்காவைப் பார்த்துக்கொள்ள மேலூரிலிருந்து அத்தை வந்தது அந்த நேரத்தில்தான். அப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சி. ஒரே மகன், அப்போது கல்குவாரியில் வேலை பழகிக்கொண்டிருந்தான். அக்காவுக்கு முறைமாப்பிள்ளை. இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்த முறைதான் வினையாக வந்தது.

அத்தை வந்த முதல் வாரம் எதுவும் பேசவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா என்ன தின்றாள், எப்போது வலித்தது, வெளியே போனதில் என்ன வந்தது எல்லாவற்றையும் பார்த்தாள். முகம் சுளிக்காமல் பீக்கிண்ணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, "தின்ன கடலை தின்னபடிக்கு வந்திருக்கு. இந்தத் தோலும் தும்பும் உள்ள போயிக் கிழிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அத்தை பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை.

மறுநாள் அம்மா கீழே இறங்கியதும் அத்தை குருணை அரிசியையும் தோல் நீக்கின பாசிப்பருப்பையும் குழைய வேகவைத்தாள். தறியிலிருந்து ஒரு முழம் காடாத்துணியை வெட்டிக்கொண்டு வந்து, அதில் கஞ்சியை ஊற்றி முறுக்கிப் பிழிந்தாள். கெட்டியான வெள்ளைச் சாறு பித்தளைச் சட்டியில் சொட்டியது. கொஞ்சம் உப்பு, சீரகம் கொதித்த தண்ணீர் ரெண்டு கரண்டி. அவ்வளவுதான். நான் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கையைக் கோழிக்குப் போடும் வேலை எனக்கு.

"உங்கம்மாட்ட சொல்லிறாத. சத்தெல்லாம் கோழிக்குப் போட்டுட்டு வெறுந்தண்ணியக் குடுக்குறேன்னு சண்டைக்கு வருவா" என்றாள் அத்தை.

கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. வெண்கலம், ஓரம் நசுங்கியது. அத்தை அதைப் புளி போட்டுத் துலக்கி, அதில்தான் கஞ்சியை ஊற்றிக் கொடுப்பாள். அக்காவுக்குச் சோற்றைக் கண்டாலே பயம் பிடித்துப்போயிருந்தது. வேணாம் வேணாம் என்று சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

"இது சோறு இல்ல தாயி. மருந்து. மருந்துன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டே ரெண்டு சங்கு" என்பாள் அத்தை.

"மருந்துன்னா கசக்கும்ல அத்தே?"

"எந்த மருந்து? எம் மருந்து இனிக்கும்டி. குடிச்சுப் பாரு."

அக்கா சிரித்துவிடுவாள். ரெண்டு சங்கு குடிப்பாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் ரெண்டு. பத்துப் பன்னிரண்டு நாளில் வலி குறைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிப்படி வரை நடந்தாள். என்னோடு தாயம் விளையாடி அழிச்சாட்டியம் பண்ணினாள். ஒருநாள் தலையை வாரிக்கொண்டு, பள்ளிக்கூடம் திறந்ததும் தாவணி எடுத்துத் தர வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே போய்விட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அம்மா கொடுக்கும் கீரையும் கடலையும் வழக்கம்போல் என் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அந்தக் கஞ்சி மேல்தான் கண். ஒருநாள், "எனக்கும் ஒரு சங்கு அத்தே" என்று கேட்டேன். "ஒனக்கு எதுக்குடி மருந்து? அம்புட்டையும் தின்னுட்டு உருண்டையா இருக்க, போ அங்கிட்டு" என்று அத்தை என் கன்னத்தில் செல்லமாகத் தட்டினாள். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அத்தை வந்ததிலிருந்து என்னை யாரும் கண்டுகொள்வதில்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

இதற்கு இரண்டு நாள் கழித்துக் கரண்ட் போனது. தறி நின்றது. வீடே காதை அடைத்தது போல் ஆகிவிட்டது. அம்மா மேலே வந்து முந்தானையால் விசிறிக்கொண்டே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏண்டி, எங்கையில ஒரு வாய் வாங்க மாட்டேங்குறா. ஒங்கத்த கூப்பிட்டா ஓடி ஓடிப் போறாளே. அப்பிடி என்னத்தக் குடுக்குறா?"

"மருந்து" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. "என்ன மருந்து?"

"கஞ்சியில. அம்மாட்ட சொல்லாதன்னு சொல்லுச்சு."

நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் மருந்து என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் இன்னொரு அர்த்தம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒருத்தரை வளைத்துப் போடச் சோற்றில் ரகசியமாகக் கலந்து கொடுப்பது. மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். வைத்தவர் கையால் மட்டும் சாப்பிடுவார்கள், வைத்தவர் பின்னாலேயே சுற்றுவார்கள், உடம்பு உருகிக்கொண்டே போகும் என்று குழாயடியில் பேசிக்கொள்வார்கள். நான் சின்னப் பிள்ளை, ஒன்றும் தெரியாமல் சொன்னேன் என்று இத்தனை காலம் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. குழாயடியில் குடத்தோடு நின்று அந்தப் பேச்சை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லைச் சொன்னால் அம்மா முகம் எப்படி மாறும் என்று பார்க்கத்தான் சொன்னேன். அவ்வளவு பெரிதாகும் என்று தெரியாது, அது மட்டும்தான் உண்மை.

அம்மா நேரே அடுப்படிக்குப் போய், பானைக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த காடாத்துணியை எடுத்தாள். அதில் காய்ந்துபோன கஞ்சி ஒட்டியிருந்தது.

"என்னத்தடி கலந்த எம் பிள்ளைக்கு?"

"மதினி, கஞ்சி மதினி. வடிகட்டுன வெறுங்கஞ்சி."

"வெறுங்கஞ்சிய எதுக்கு ஒளிச்சு ஒளிச்சுக் குடுக்கணும்? எங்கையில வாங்காத பிள்ள ஓங்கையில மட்டும் சங்கு சங்காக் குடிக்குதே, அது எப்பிடி? ஓம் மகனுக்குக் கட்டிவைக்க இப்பயே மருந்து வச்சு இழுக்குறியா?"

அத்தை, சத்தம் கேட்டு மேலே வந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். "அண்ணே, நானாண்ணே? எங்கையால வளந்த பிள்ளையாச்சேண்ணே."

அப்பா நின்றுபோன தறியைப் போலவே நின்றார். நம்பினாரா இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. "கொஞ்ச நாளைக்கு மேலூருக்குப் போயிட்டு வா தாயி" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே அத்தை போய்விட்டாள். யார் சொல்லி இது வெடித்தது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. போகும்போது என் தலையைக் கோதி, "அக்காவப் பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். சங்கை அம்மா வாசல் சாக்கடையில் விட்டெறிந்தாள்.

சிவகங்கை ரோட்டில் ஒரு ஊரில் மருந்து எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். அக்காவைத் தூக்கிக்கொண்டு போனோம். ஏதோ பச்சிலைச் சாற்றைக் குடிக்கவைத்தார். அக்கா குடலே வெளியே வருவது போல் வாந்தியெடுத்தாள். அந்த ஆள் வாந்திக்குள் கையை விட்டு, கறுப்பாக முடி சுற்றிய ஒரு உருண்டையை எடுத்து நீட்டினார். "பாத்துக்க ஆத்தா, இதுதான்." அதை அவர் கைக்குள் வைத்தே கொண்டுவந்திருப்பார் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு நானும் நம்பினேன். நம்பியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நான் சொன்னது சரியாகிவிட்டதே.

மருந்து வெளியே வந்துவிட்டது, இனி உடம்பைத் தேற்ற வேண்டும் என்று மறுபடியும் கடலை, மறுபடியும் கீரை. இப்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டினாள், என் பக்கம் தட்டு நகரவே இல்லை. அக்காவுக்கு வலி வந்தது. "அத்தையக் கூப்பிடும்மா" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். கேட்டதே தப்பாகிவிட்டது. இன்னும் மிச்சம் உள்ளே இருக்கிறது என்று இரண்டாம் தடவையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்து இரண்டு நாள் கழித்து, அம்மா கீழே இருந்த நேரத்தில், அக்கா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அது அவள் பாவாடைதான். "ஏய், நீ பாத்துக்கிட்டுதான இருந்த. அத்த மாதிரி எனக்குக் கொஞ்சம் பிழிஞ்சு குடேன்டி."

அரிசி எங்கே, பருப்பு எங்கே, எவ்வளவு வேக வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். துணிக்கு என்ன பஞ்சம், தறிக்காரன் வீட்டில்? ஆனால் அம்மாவை நினைத்துப் பயம். "எனக்குப் பிழியத் தெரியாது" என்றேன்.

"சரி, விடு" என்றாள் அக்கா. கோபமே இல்லை அவளுக்கு.

அந்த வாரமே வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது குடல் அடைத்து ஓட்டையாகிவிட்டது, ரொம்பத் தாமதம் என்றார்கள். பள்ளிக்கூடம் திறந்த அன்று அவள் இல்லை. கடையிலிருந்து எடுத்துவைத்திருந்த தாவணித் துணியை அப்பா போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்தக் கஞ்சி தொடர்ந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாளா? உணவு ஆலோசகர் பெண்ணிடம் போன வாரம் இதைக் கேட்டேன், யாரோ தெரிந்தவர் கதை போல. "கஞ்சி மட்டும் நோயக் குணமாக்காதும்மா. ஆனா அந்தச் சமயத்துக்கு அதான் சரி. கொஞ்சம் தாங்கியிருப்பாங்க, நல்ல டாக்டர்ட்ட போக நேரம் கெடச்சிருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம். அதைத்தான் நான் பிடுங்கினேன்.

அம்மா சாகும்வரை அத்தையை மன்னிக்கவில்லை. அத்தையும் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. போய்ச் சொல்ல இப்போது யாரும் மிச்சமில்லை, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். சொல்ல ஒரு நேரம் எனக்கும் கிடைத்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாணமாகி மகனுக்கு இரண்டு வயசு. மேலூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் அத்தை எனக்காகவே நின்றுகொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்து, பாதியாகக் குறுகிப்போயிருந்தாள். என் கையைப் பிடித்துத் தூணோரம் ஒதுக்கினாள்.

"ஒன்னு கேக்கணும்னு எம்புட்டு வருஷமா நெனச்சுக்கிட்டே இருக்கேன் தாயி. குருணை, பாசிப்பருப்பு, உப்பு, சீரகம். யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், வேற எதுவும் போட்ட மாதிரி இல்ல. ஆனா ஊரே சொல்லுது. சட்டியில எதாச்சும் ஒட்டியிருந்துச்சோ, எங்கையிலதான் எதுவும் இருந்துச்சோ, எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு. நீ பக்கத்துலயே ஒக்காந்திருந்தியே. நீ பாத்தேல்ல? வேற எதுவும் போடலேல்ல நான்?"

மூன்றடி தள்ளி அம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு எங்களையே பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்லத்தே" என்றேன்.

"அதுஞ்சரிதான். சின்னப் பிள்ள நீ அப்ப" என்று தலையாட்டினாள் அத்தை. அவள் கையில் பந்தியில் வாங்கிய லட்டு இருந்தது. என் மகன் அதைப் பார்த்துவிட்டு என் இடுப்பிலிருந்து அவள் பக்கம் சாய்ந்து, ஆ என்று வாயைத் திறந்தான். அத்தை லட்டைக் கிள்ளி அவன் வாய் வரை கொண்டுபோனாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, லட்டு முழுவதையும் என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"நீயே ஊட்டிவிடு தாயி" என்றாள். "எங்கையி வேணாம்."